எச்.ஐ.வி. தேடும் இரண்டாவது ஏற்பி

எச்.ஐ.வி. தொற்றை விளக்கும்போது பாடநூல்களும் விழிப்புணர்வு வெளியீடுகளும் பெரும்பாலும் பூட்டையும் சாவியையும் காட்டுகின்றன. வைரஸின் மேலுள்ள புரதம் சாவி; வெள்ளையணுவின் மேலுள்ள ஏற்பி பூட்டு; இரண்டும் பொருந்தினால் தொற்று. எளிதில் மனத்தில் பதியும் உவமைதான். ஆனால் அது ஒரு தவறான எண்ணத்தையும் சேர்த்தே விதைத்துவிடுகிறது. இன்ன வகை வைரஸ் இன்ன ஏற்பிக்கு உரியது, அந்த உறவு பிறவியிலேயே முடிவாகிவிட்டது, ஆகவே அந்த ஏற்பியை அகற்றிவிட்டால் வைரஸின் கதை முடிந்தது என்ற எண்ணம் அது. நாற்பது ஆண்டு ஆய்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் வேறு. எச்.ஐ.வி. எந்த ஏற்பியைப் பயன்படுத்துகிறது என்பது, தொற்றிய உடலில் அந்த நேரத்தில் எந்த அணுக்கள் இருக்கின்றன, எதிர்ப்பாற்றல் எவ்வளவு வலுவாக இருக்கிறது, எந்த மருந்து குறுக்கே நிற்கிறது என்பவற்றைப் பொறுத்து மாறக்கூடியது. அப்படி மாறுவதற்கும் வைரஸின் மரபணு விதிக்கும் எல்லைகள் உண்டு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காததால்தான் 'குணமடைந்தவர்கள்' பற்றிய செய்திகளும் மரபணுத் திருத்தம் பற்றிய நம்பிக்கைகளும் அடிக்கடித் தடம் மாறிப் போகின்றன.

முதல் ஏற்பி விரைவிலேயே பிடிபட்டது. 1984-இல் லண்டனில் ராபின் வைஸின் குழுவும் பாரிஸில் ஒரு குழுவும் ஒரே நேரத்தில் அதைக் கண்டறிந்தன. லண்டன் குழு 155 வகை எதிர்ப்புரதங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தது. வெள்ளையணுவில் உள்ள சிடி4 என்ற புரதத்தை மறைத்த 14 எதிர்ப்புரதங்கள் ஒவ்வொன்றும் வைரஸைத் தடுத்தன. உதவி டி அணுக்களில் சிடி4 நிறைய இருக்கிறது. எய்ட்ஸ் நோயாளிகளிடம் குறைந்துகொண்டே போவதும் அதே அணுக்கள்தான். கணக்கு நேராக வந்துவிட்டது போலத் தோன்றியது. இரண்டு ஆண்டுகள்கூட அந்த நிம்மதி நீடிக்கவில்லை. மனித சிடி4 புரதத்தைச் சுண்டெலியின் அணுக்களில் உருவாக்கி 1986-இல் சோதித்தபோது, வைரஸ் வந்து ஒட்டிக்கொண்டதே தவிர உள்ளே போகவில்லை. மனித அணுவில் இருக்கும், சுண்டெலி அணுவில் இல்லாத ஏதோ ஒன்று தேவைப்பட்டது. அது என்னவென்று தெரிய மேலும் பத்து ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே ஆம்ஸ்டர்டாமில் வேறொரு புதிர் வளர்ந்துகொண்டிருந்தது. நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸை எம்டி-2 என்ற டி அணு வரிசையோடு கலந்து வளர்த்து, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சிலரது வைரஸ் அந்த அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, பல உட்கருக்கள் கொண்ட ஊதிப்போன பேரணுக்களாக்கியது. வேறு சிலரது வைரஸ் எம்டி-2 அணுக்களில் வளரவே இல்லை. ஆனால் ரத்தத்திலிருந்து நேரடியாக எடுத்த டி அணுக்களில் நன்றாக வளர்ந்தது. தொற்றின் தொடக்கத்தில் எடுத்த வைரஸ் ஏறக்குறைய எப்போதுமே இரண்டாம் வகை. பேரணுவை உண்டாக்கும் வகை பல ஆண்டுகள் கழித்தே தலைகாட்டியது. அது தோன்றியவர்களிடம் சிடி4 அணுக்கள் வேகமாகச் சரிந்தன. காரணம் தெரியாமலேயே இந்தப் பிரிவு மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. விடை 1996-இல் வந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் எட்வர்ட் பெர்கரின் குழு மனித அணுவின் மரபணுக்களைச் சுண்டெலி அணுக்களுக்குள் செலுத்தி, எது செலுத்தப்பட்டால் இணைவு நடக்கிறது என்று தேடியது. இணைந்த அணு நீல நிறமாகும்படி சோதனையை அமைத்திருந்தது. அப்படிக் கிடைத்த புரதத்துக்கு முதலில் ஃபியூசின் என்று பெயரிட்டார்கள். பிறகு அது சிஎக்ஸ்சிஆர்4 ஆனது. எம்டி-2 அணுவில் இருப்பது இந்த ஏற்பிதான். இன்னொரு ஏற்பியைப் பற்றிய துப்பு அதற்குச் சில மாதங்கள் முன்பே கிடைத்திருந்தது. அணுக்கள் ஒன்றையொன்று அழைக்கப் பயன்படுத்தும் கீமோகைன்களில் மூன்று, சில எச்.ஐ.வி. வகைகளைத் தடுப்பதாக ராபர்ட் கேலோ, பாவ்லோ லுஸ்ஸோ குழுவினர் 1995 டிசம்பரில் காட்டியிருந்தனர். அந்த மூன்றும் போய்ச் சேரும் ஏற்பி சிசிஆர்5. 1996 ஜூனில் ஐந்து ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே வாரங்களில் அதை அறிவித்தன. தொடக்கத்தில் காணப்படும் வைரஸ்கள் சிசிஆர்5-ஐப் பயன்படுத்துகின்றன. பின்னால் வருபவை சிஎக்ஸ்சிஆர்4-ஐயோ இரண்டையுமோ பயன்படுத்துகின்றன. 1998 முதல் இவற்றை ஆர்5, எக்ஸ்4, ஆர்5எக்ஸ்4 என்று அழைக்கிறார்கள்.

நுழைவு நடக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வாதம் முழுவதும் அதில்தான் நிற்கிறது. வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் கூர்முனைகள் மிகச் சில. ஒவ்வொரு கூர்முனையும் மூன்று ஜிபி120 புரதங்களும் மூன்று ஜிபி41 புரதங்களும் சேர்ந்தது. இணை ஏற்பியை, அதாவது சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4-ஐ, பிடிக்க வேண்டிய பகுதியை ஜிபி120 வழக்கமாக மடித்து மறைத்தே வைத்திருக்கிறது. எதிர்ப்புரதங்களின் கண்ணில் படாமல் இருக்க இது உதவுகிறது. சிடி4-ஐத் தொட்டதும் அதன் வடிவம் குலைந்து மாறி, மறைந்திருந்த பகுதி வெளிப்படுகிறது. அப்போது வி3 என்ற ஒரு சிறு வளையம் முன்னே நீண்டு இணை ஏற்பியைப் பற்றுகிறது. அதன் பிறகே ஜிபி41 விரிந்து, தன் நுனியை அணுவின் சவ்வுக்குள் செருகி, மீண்டும் மடிந்து இரண்டு சவ்வுகளையும் ஒன்றாக இழுத்துச் சேர்க்கிறது. ஆக, சிடி4 செய்வது வைரஸைத் தயார்ப்படுத்தும் வேலை. இணைவைத் தூண்டிவிடுவது சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4. எதைப் பற்றுவது என்பதைப் பெருமளவு தீர்மானிக்கும் வி3 வளையத்தில் இருப்பவை ஏறத்தாழ 35 அமினோ அமிலங்கள் மட்டுமே. 11-ஆம் இடத்திலோ 25-ஆம் இடத்திலோ நேர்மின்னேற்றம் கொண்ட அமினோ அமிலம் வந்தால், அந்த வைரஸ் சிஎக்ஸ்சிஆர்4-ஐப் பயன்படுத்தும் வாய்ப்பு அதிகம். நாள்தோறும் கோடிக்கணக்கில் படியெடுக்கப்பட்டு, படியெடுப்பில் அடிக்கடிப் பிழைகள் நேரும் ஒரு வைரஸுக்கு இத்தகைய மாற்றங்கள் கிடைக்காமல் போவதில்லை.

அப்படியானால் ஏற்பி சார்ந்த பெயர்களை இனப்பெயர்களாகக் கொள்வது பிழை. இந்தப் பிழை ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது. தொண்ணூறுகளின் பல கட்டுரைகள் சிசிஆர்5 வைரஸ்களை 'மேக்ரோபேஜை நாடுபவை' என்றும், சிஎக்ஸ்சிஆர்4 வைரஸ்களை 'டி அணு வரிசையை நாடுபவை' என்றும் எழுதின. மேக்ரோபேஜ் என்பது கிருமிகளை விழுங்கும் பெரிய வெள்ளையணு. அதன் மேல் சிசிஆர்5 இருந்தாலும் சிடி4 மிகக் குறைவு. ஆர்5 வைரஸ்களில் பெரும்பாலானவை இந்தக் குறைந்த அளவு சிடி4-ஐக் கொண்டு மேக்ரோபேஜுக்குள் நுழையத் திணறுகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்று புதிய தொற்றைத் தொடங்கி வைக்கும் வைரஸ்களை மரபணு வரிசையிலிருந்து மீட்டெடுத்துச் சோதித்தபோது, அவை ஆர்5 வகையாக இருந்தும் மேக்ரோபேஜில் மோசமாகவே வளர்ந்தன. அவற்றின் உண்மையான களம் சிசிஆர்5 உடைய நினைவு டி அணுக்கள். ஏற்பியின் பெயரும் அணுவின் பெயரும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

இங்கே எழும் கேள்விதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது. இரண்டு ஏற்பிகளையும் பயன்படுத்த முடிந்த வைரஸ், புதிய உடலில் ஏறக்குறைய எப்போதும் சிசிஆர்5 வழியாகவே தொடங்குவது ஏன்? இது வெறும் புள்ளிவிவரப் போக்கு அன்று என்பதற்குச் சான்று மனிதர்களிடமே இருக்கிறது. நியூயார்க்கில், திரும்பத் திரும்ப வைரஸுக்கு ஆட்பட்டும் தொற்றாத சிலரை ஆராய்ந்தவர்கள் அவர்களில் இருவரின் சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டிருப்பதை 1996-இல் கண்டார்கள். டெல்டா32 எனப்படும் இந்தக் குறை பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் சிசிஆர்5 அணுவின் மேற்பரப்புக்கு வருவதே இல்லை. வட ஐரோப்பிய மரபினரில் ஏறத்தாழ 100-க்கு ஒருவர் இப்படிப்பட்டவர். இந்தியாவில் இது மிக அரிது. அவர்களுக்கு சிஎக்ஸ்சிஆர்4 முழுமையாக இருக்கிறது. ஆனாலும் அவர்களைத் தொற்று ஏறக்குறைய நெருங்குவதில்லை. மாசுபட்ட ரத்தப் பொருட்களைப் பல ஆண்டுகள் ஏற்றிக்கொண்ட ஹீமோபிலியா நோயாளிகளிலும் இந்தப் பாதுகாப்பு தெரிந்தது.

உடலுறவின்போது வைரஸ் கடக்க வேண்டிய சளிச்சவ்வுதான் எக்ஸ்4 வைரஸ்களை வடிகட்டிவிடுகிறது என்பது வழக்கமான விளக்கம். சளிச்சவ்வில் சிஎக்ஸ்சிஆர்4-ஐ மறைக்கும் கீமோகைன் நிறையச் சுரக்கிறது. குடலின் சவ்வில் இருக்கும் டி அணுக்கள் பெரும்பாலும் சிசிஆர்5 உடையவை. விளக்கம் உண்மைதான், ஆனால் முழுமையானது அல்ல. ஊசி வழியாக நேரே ரத்தத்தில் வைரஸ் சேர்ந்தவர்களிடமும் தொடக்கத்தில் காணப்படுவது பெரும்பாலும் ஆர்5 வகைதான். அங்கே கடக்க வேண்டிய சவ்வே இல்லை. ஆகவே காரணத்தின் இன்னொரு பகுதி உடலுக்குள்ளேயே இருக்க வேண்டும். எக்ஸ்4 வைரஸ்களில் பல எதிர்ப்புரதங்களுக்கு எளிதில் அகப்படுபவை. எதிர்ப்பாற்றல் முழு வலுவோடு இருக்கும் உடலில் அவை பிழைத்து எழுவது கடினம். ஆண்டுகள் சென்று எதிர்ப்பாற்றல் தளர்ந்து, சிசிஆர்5 உடைய நினைவு அணுக்களும் அழிந்து குறையும்போது நிலைமை தலைகீழாகிறது. எந்தக் கிருமியையும் இன்னும் சந்திக்காத இளம் டி அணுக்களில் சிஎக்ஸ்சிஆர்4 நிறைய இருக்கிறது. சிசிஆர்5 அநேகமாக இல்லை. அதுவரை தொடப்படாத அந்தச் சேமிப்பு எக்ஸ்4 வைரஸுக்குத் திறந்துவிடப்படுகிறது. அதே வைரஸ் குடும்பம், அதே உடல், மாறியது சூழல்.

ஆப்பிரிக்கக் குரங்குகள் இந்த வாதத்துக்குத் தரும் சான்று மனிதர்களிடம் கிடைப்பதைவிடத் தெளிவானது. மேற்கு மத்திய ஆப்பிரிக்காவில் வாழும் செந்தலை மாங்கபி குரங்குகளில் பெரும்பாலானவற்றின் சிசிஆர்5 மரபணுவில் 24 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. அவற்றுக்கு சிசிஆர்5 இல்லையென்றே சொல்லலாம். அவற்றைத் தொற்றும், எச்.ஐ.வி.யின் குரங்கு உறவான எஸ்.ஐ.வி. அழிந்துபோகவில்லை. அது சிசிஆர்2 என்ற பக்கத்து ஏற்பிக்கு மாறிக்கொண்டு அந்த இனத்தில் நிலைத்திருக்கிறது. எச்.ஐ.வி.-2 மனிதருக்கு வந்தது புகைநிற மாங்கபிகளிடமிருந்து. அந்த இனத்திலும் சிசிஆர்5 மரபணுவில் வேறொரு குறை பரவலாக இருக்கிறது. சிசிஆர்5 அறவே இல்லாத குரங்குகளும் தொற்றுக்கு ஆளாகியே இருக்கின்றன, ஏனெனில் அங்கே வைரஸ் சிஎக்ஸ்சிஆர்6 போன்ற ஏற்பிகளால் வேலையை முடித்துக்கொள்கிறது. மனிதரில் 100-க்கு ஒருவருக்கு இருக்கும் பாதுகாப்பு ஓர் இனம் முழுவதற்கும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை இயற்கை ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது.

இதற்கு எதிராக இரண்டு மறுப்புகளை வலுவாகவே வைக்கலாம். எக்ஸ்4 வைரஸ் தோன்றியதால்தான் எதிர்ப்பாற்றல் சரிகிறது, நீங்கள் விளைவைக் காரணமாக்குகிறீர்கள் என்பது முதல் மறுப்பு. ஆம்ஸ்டர்டாம் தரவுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. எக்ஸ்4 தோன்றிய பின் சரிவு வேகமெடுப்பது உண்மை. ஆனால் அந்தத் தரவுகள் ஐரோப்பாவில் பரவிய, எச்.ஐ.வி.யின் உட்பிரிவு பி-யைச் சேர்ந்தவை. அங்கேயே எய்ட்ஸ் நிலையை அடைந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம்தான் எக்ஸ்4 தோன்றியது. உலகத் தொற்றுகளில் ஏறக்குறைய பாதி உட்பிரிவு சி. இந்தியாவில் பரவியிருப்பதும் பெரும்பாலும் அதுவே. 1986-இல் சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டு, நாட்டின் முதல் தொற்றுகள் வெளிச்சத்துக்கு வந்தன. அதற்குப் பின் எத்தனையோ பேர் உட்பிரிவு சி-யால் எய்ட்ஸுக்கு ஆளாகியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் வைரஸ் இறுதிக் கட்டத்திலும் சிசிஆர்5-ஐ விட்டு நகரவில்லை. எதிர்ப்பாற்றலை அழிக்க எக்ஸ்4 தேவையே இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். எக்ஸ்4 தோன்றினால் அது சரிவை விரைவாக்கலாம். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தச் சான்றே இரண்டாவது மறுப்பைக் கொண்டுவருகிறது, அதுதான் கடினமானது. சூழல்தான் தீர்மானிக்கிறது என்றால், அதே அளவு சீரழிந்த உடலில் உட்பிரிவு பி மாறுகிறது, உகாண்டாவில் காணப்படும் உட்பிரிவு டி இன்னும் அதிகமாக மாறுகிறது, உட்பிரிவு சி மட்டும் ஏன் மாறாமல் நிற்கிறது? சூழல் மட்டுமே எல்லாம் என்று சொன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. வி3 வளையம் ஓர் ஏற்பியிலிருந்து இன்னொன்றுக்குப் போக, சில இடங்களில் ஒற்றை மாற்றம் போதும். பல நேரங்களில் அடுத்தடுத்துப் பல மாற்றங்கள் வேண்டும். இடைப்பட்ட நிலையில் உள்ள வைரஸ் சிசிஆர்5-ஐப் பற்றும் திறனை இழந்திருக்கும், சிஎக்ஸ்சிஆர்4-ஐப் பற்றும் திறனை இன்னும் பெற்றிருக்காது. அந்த இடைநிலையைக் கடக்க முடியாமல் பெரும்பாலானவை அழிந்துபோகின்றன. உட்பிரிவு சி-யின் வி3 வளையம் தொடங்கும் இடத்திலிருந்து இந்தத் தொலைவு அதிகம். அது எக்ஸ்4 ஆகும்போது வளையத்துக்குள் புதிய அமினோ அமிலங்கள் செருகப்பட்டிருப்பதும், வளையத்தின் உச்சியே மாறியிருப்பதும் தெரிகிறது. ஆக, எந்தத் திசையில் அழுத்தம் என்பதைச் சூழல் சொல்கிறது. அந்தத் திசையில் போக முடியுமா, எவ்வளவு காலம் ஆகும் என்பதை மரபணு சொல்கிறது. இந்த மறுப்பால் என் வாதம் விழவில்லை. ஆனால் அதை இந்த அளவுக்குக் குறுக்கிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

மருந்துகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. சிசிஆர்5-ஐ அடைக்கும் மாரவிராக் 2007-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எச்.ஐ.வி. மருந்துகளிலேயே இது வித்தியாசமானது. வைரஸின் உறுப்பைத் தொடாமல் மனித அணுவின் ஏற்பியைத் தொடுகிறது. அதைக் கொடுக்கும் முன் நோயாளியின் வைரஸ் எந்த ஏற்பியைப் பயன்படுத்துகிறது என்று சோதிக்க வேண்டும். மருந்து தோற்ற இடங்களில் பெரும்பாலும் நடந்தது, சோதனையில் தெரியாத அளவுக்குச் சிறுபான்மையாக முன்பே இருந்த எக்ஸ்4 வைரஸ் மேலெழுந்ததுதான். சிலரிடம் அதைவிட வியப்பான ஒன்று நடந்தது. மருந்து ஒட்டிய நிலையிலேயே இருக்கும் சிசிஆர்5-ஐப் பற்ற வைரஸ் பழகிக்கொண்டது. சிஎக்ஸ்சிஆர்4-ஐயும் அடைத்துவிடலாமே என்றால், உடல் அதற்கு இடம் தருவதில்லை. சிசிஆர்5 இல்லாமல் மனிதர் பெரிய குறையின்றி வாழலாம். சிஎக்ஸ்சிஆர்4 நீக்கப்பட்ட சுண்டெலிகள் கருவிலோ பிறந்தவுடனோ இறந்துவிடுகின்றன. எலும்பு மஜ்ஜையில் குருத்தணுக்களைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஏற்பி. எச்.ஐ.வி.க்காகத் தொடங்கப்பட்ட ஒரு சிஎக்ஸ்சிஆர்4 தடுப்பு மருந்து, குருத்தணுக்களை ரத்தத்துக்குள் இறக்கிவிடும் குணத்தாலேயே 2008-இல் பிளெரிக்ஸாஃபர் என்ற பெயரில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவியாக வந்து சேர்ந்தது.

'அப்படியானால் பெர்லின் நோயாளி?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்தப் பெயரால் அறியப்பட்ட, எச்.ஐ.வி. தொற்றிய டிமோதி ரே பிரவுனுக்கு ரத்தப் புற்றுநோய்க்காக 2007-இலும் 2008-இலும், இரண்டு பிரதிகளிலும் டெல்டா32 உடைய ஒருவரின் குருத்தணுக்கள் செலுத்தப்பட்டன. மருந்தை நிறுத்திய பின்னும் வைரஸ் திரும்பவில்லை. 2020-இல் அவர் இறந்தது புற்றுநோயால்தான். அவரது வைரஸில் ஒரு சிறு பங்கு எக்ஸ்4 என்று மரபணு வரிசையை வைத்துக் கணிக்கப்பட்டிருந்தது. பின்னர் அந்த வைரஸ்களைச் செய்து சோதித்தபோது, அவையும் உண்மையில் சிசிஆர்5 இல்லாமல் பெருக முடியாதவை என்று தெரிந்தது. அவருக்கு வாய்த்தது சிசிஆர்5 இல்லாத உடல் மட்டுமல்ல, மாறத் தெரியாத வைரஸும்கூட. ஜெர்மனியின் எசன் நகரில் அதே போன்ற குருத்தணுக்கள் பெற்ற இன்னொருவருக்கு வைரஸ் திரும்பியது. அவரிடம் சிஎக்ஸ்சிஆர்4-ஐப் பயன்படுத்தும் வைரஸ் முன்பே இருந்தது. மறுபுறம் ஜெனீவா நோயாளி என்று அறியப்படுபவர், சிசிஆர்5 குறைபாடே இல்லாதவரிடமிருந்து குருத்தணுக்கள் பெற்றும், 2021 நவம்பரில் மருந்தை நிறுத்திய பிறகு நீண்ட காலம் வைரஸ் திரும்பாமல் இருந்தார். அப்படிப்பட்ட குருத்தணுக்களைப் பெற்ற பாஸ்டன் நோயாளிகள் இருவருக்குச் சில மாதங்களிலேயே வைரஸ் திரும்பியது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், புதிய எதிர்ப்பாற்றல் அணுக்கள் பழைய தொற்றிய அணுக்களை அழித்ததும் சிசிஆர்5 இல்லாமையும் சேர்ந்தே பலனளித்திருக்கின்றன. எது எவ்வளவு என்பது ஒவ்வொருவரின் வைரஸையும் பொறுத்தது.

இந்தப் பின்னணியில்தான் 2018 நவம்பரில் சீனாவில் ஆய்வாளர் ஹ ஜியன்குயி அறிவித்த செயலை எடைபோட வேண்டும். எச்.ஐ.வி. உள்ள தந்தையின் குழந்தைகளைப் பாதுகாப்பதாகச் சொல்லி, கருநிலையிலேயே அவர்களது சிசிஆர்5 மரபணுவைத் திருத்தினார். அடுத்த ஆண்டு இறுதியில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. விமர்சனங்களில் பெரும்பகுதி அறநெறி பற்றியது, அது நியாயமானதே. ஆனால் அறிவியல் கணக்கிலும் அந்தத் திட்டம் நிற்கவில்லை. அவர் உண்டாக்கியவை மனிதரில் ஆராயப்பட்ட டெல்டா32 அன்று. அதுவரை எவரிடமும் காணப்படாத வெட்டுகள். தந்தையிடமிருந்து கருவுக்கு வைரஸ் செல்லாமல் தடுக்க, விந்தணுக்களைக் கழுவிப் பிரிக்கும் எளிய முறை முன்பே இருந்தது. சிசிஆர்5 இல்லாதவர்களை மேற்கு நைல் வைரஸ் கடுமையாகத் தாக்கும் ஆபத்து அதிகம் என்பதும் தெரிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சீனாவில் பரவலாக உள்ள சிஆர்எஃப்01_ஏஇ என்ற வைரஸ் வகை, சிஎக்ஸ்சிஆர்4-ஐ மற்றப் பல வகைகளைவிட அடிக்கடிப் பயன்படுத்துவது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து வாழப்போகும் நாட்டில், அவர்களிடமிருந்து அகற்றப்பட்ட ஏற்பியைத் தேடாத வைரஸ்கள் ஏற்கெனவே கணிசமாக இருக்கின்றன.